உடுப்பைக் களைந்த தளபதி!

தளபதி ஒருவர் நாடாள வந்த கதை உலகில் ஒன்றல்ல, இரண்டல்ல! படை கையில் இருக்கும். இரவோடு இரவாகத் தலைநகர் வளைக்கப்படும். பொழுது புலருமுன் அரண்மனை வசமாகும். கண் விழித்த மக்களுக்குக் காலையிலே சேதி வரும், இனி இவர்தான் உங்கள் தலைவர் என்று! அப்படி வந்தவர்கள் பலரைச் சரித்திரத்திலே காண்கிறோம். வந்த வேகத்திலேயே போனவர்களையும் காண்கிறோம்.

நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது வேறு விதமான கதை, தோழர்களே! பட்டாளம் போய், பதவி போய், மார்பிலே மின்னிய பதக்கங்களுக்குப் பொருளே இல்லாமற் போய், தனி ஆளாக நின்ற அன்றுதான் இந்தத் தளபதி தலைவரானார். துருக்கி நாட்டுக் கமால் பாட்சாவைத்தான் சொல்கிறோம்.

சலோனிகா இன்று கிரேக்க நாட்டு நகரம். அன்று துருக்கி சுல்தானின் ஆட்சிக்குட்பட்ட துறைமுகம். அங்கே 1881-ம் ஆண்டு பிறந்தார் முஸ்தபா. தந்தை அலி ரிசா சுங்கச் சாவடிக் குமாஸ்தா, பிறகு மர வியாபாரி. மாளிகை இல்லை, மானியம் இல்லை, மன்னர் குலத்து உறவும் இல்லை! சிறுவனுக்கு ஏழு வயதளவில் தந்தை மறைந்தார். மகன் மார்க்கக் கல்வி கற்றுப் பெரியவனாக வேண்டும் என்பது தாய் சுபைதாவின் ஆசை. மகனோ தாய்க்குத் தெரியாமலே இராணுவப் பள்ளியின் தேர்வை எழுதி வெற்றி பெற்றுவிட்டான். கணக்கிலே புலி! கணக்கு ஆசிரியரின் பெயரும் முஸ்தபா. இரண்டு முஸ்தபாக்களுக்குள் குழப்பம் வேண்டாமென்று, மாணவன் பெயரோடு கமால் என்பதைச் சேர்த்தார் அந்த ஆசிரியர். நிறைவு என்பது அதன் பொருள்.

1905-ல் காப்டன் பதவியோடு படைக் கல்லூரியை விட்டு வெளிவந்தார் கமால். வெளியே கண்டது என்ன? மூன்று கண்டங்களிலே கொடி பறந்த சாம்ராஜ்யம், செல்லரித்த ஏடுபோல உதிர்ந்து கொண்டிருந்தது. ஒற்றர்கள் ஊரெங்கும். வாயைத் திறந்தால் நாடு கடத்தல். டமாஸ்கஸ் நகரத்திலே வேலைக்கு அனுப்பப்பட்ட அந்த இளைஞர், நண்பர்களோடு இரகசியமாக விடுதலைச் சங்கம் அமைத்தார். 1908-ல் இளந்துருக்கியர் புரட்சி வந்தது. புரட்சி செய்த அதிகாரிகள் அரசியலில் ஒரு காலும் பட்டாளத்தில் ஒரு காலுமாக நின்றார்கள். 1909-ல் அவர்களுடைய மாநாட்டிலே எழுந்து, இரண்டிலே ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள், உடுப்போடு அரசியல் நடத்தினால் படையும் கெடும், கட்சியும் கெடும் என்ற கருத்தை எடுத்துரைத்தவர் கமால். கேட்டார்களா? கேட்கவில்லை. கெட்டார்கள்!

1914-ல் மூண்ட உலகப் போரிலே ஜெர்மனியின் பக்கம் சேர்ந்தது துருக்கி. 1915-ம் ஆண்டு ஏப்ரல் 25. கலிபோலிக் கரையிலே பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் இறங்கின. கரையைத் தாண்டிக் குன்றுகளைப் பிடித்துவிட்டால் தலைநகருக்கு வழி திறந்துவிடும். மேலிடத்து உத்தரவுக்காகக் காத்திராமல், இருந்த படையைத் திரட்டிக்கொண்டு குன்றுக்கு விரைந்தார் கமால். குன்று காப்பாற்றப்பட்டது. ஆகஸ்டிலே மறுபடியும் கடும் போர். பாய்ந்து வந்த குண்டுச் சிதறல் அவர் மார்பிலே பட்டது. சட்டைப் பையில் இருந்த கடிகாரம் உடைந்தது, உயிர் தப்பியது. எட்டு மாதப் போருக்குப் பிறகு, 1916 ஜனவரியில் கடைசிப் பிரிட்டிஷ் சிப்பாயும் கப்பலேறினான். அதே 1916-ல் கமால், பாட்சா என்னும் பட்டம் பெற்றார்.

ஒரு தளபதி வென்றார், ஆனால் நாடு தோற்றது. 1918 அக்டோபர் 30-ல் சுல்தானின் அரசு சரணடைந்தது. நவம்பர் 13-ல் வெற்றி பெற்ற நாடுகளின் போர்க்கப்பல்கள் இஸ்தான்புல் துறையிலே வந்து நின்றன. அதே நாளில்தான் கமாலும் போர்முனையிலிருந்து ரயிலில் வந்து இறங்கினார். எந்த நகருக்கு எதிரி வரக்கூடாதென்று கலிபோலியிலே ஆயிரமாயிரம் இளைஞர்கள் மடிந்தார்களோ, அந்த நகரின் வாசலிலே எதிரியின் பீரங்கி! உள்ளே சுல்தான் என்ன செய்துகொண்டிருந்தார்? நாடு போனாலும் போகட்டும், நாற்காலி நிலைத்தால் போதும் என்று அந்நியரின் முகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

1919 மே 15-ல் கிரேக்கப் படை ஸ்மர்னாவில் இறங்கியது. நான்கு நாள் கழித்து, மே 19-ல், கருங்கடற் கரையிலே சாம்சூன் என்னும் ஊரில் பழைய கப்பலொன்றிலிருந்து இறங்கினார் கமால். கிழக்குப் பகுதியில் அமைதியை நிலைநாட்டி, ஆயுதங்களைச் சேகரித்து ஒப்படைக்கவேண்டும். அதுதான் சுல்தானின் அரசு தந்த வேலை. அவர் செய்ததோ அதற்கு நேர்மாறு! ஊர் ஊராகச் சென்றார். தந்திகள் பறந்தன. கூட்டங்கள் நடந்தன. நாட்டின் விடுதலையை நாட்டு மக்களின் உறுதிதான் மீட்கும் என்னும் அறிக்கை அமாசியா நகரிலிருந்து வெளிவந்தது.

அரண்மனை பதறியது. உடனே திரும்பி வா என்று கட்டளை. திரும்பவில்லை. மீண்டும் கட்டளை. மறுபடியும் மறுத்தார். 1919 ஜூலை 8-ம் நாள் இரவு, எர்சுரூம் நகரத்துத் தந்தி நிலையத்திலே, ஒரு புறமிருந்து பதவி நீக்க உத்தரவும் மறு புறமிருந்து இராஜிநாமாவும் ஏறத்தாழ ஒரே நேரத்திலே கம்பியில் ஓடின. பதவியை மட்டும் விடவில்லை அவர். பிள்ளைப் பருவம் முதல் தாம் நேசித்த இராணுவத் தொழிலையே விட்டார்!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! நேற்று வரை கைகட்டி நின்ற அதிகாரி, இன்று காகிதக் கட்டைக் கீழே வைத்துவிட்டு விலகிக்கொண்டார். உத்தரவிட உரிமையில்லை. சம்பளம் இல்லை. கைது செய் என்ற ஆணை பின்னாலேயே வருகிறது. அந்த ஆணை யாருக்கு வந்தது? எர்சுரூமில் படையோடு இருந்த காசிம் கரபெக்கிர் என்னும் தளபதிக்கு. அவர் விரலசைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவரோ கமாலுக்கு எதிரே வந்து நின்று, உடுப்பு இல்லாத அந்த மனிதருக்கு வணக்கம் செலுத்தி, தானும் தன் படையும் அவர் சொற்படி நடப்பதாகத் தெரிவித்தார்.

அந்த வணக்கம் எதற்கு? பட்டத்திற்கா? அது பறிபோய்விட்டதே! சுல்தான் தந்தது சுல்தானோடு போயிற்று. மக்கள் தந்தது மட்டுமே மிஞ்சி நின்றது.

பிறகு நடந்தது மாநாடு! 1919 ஜூலையில் எர்சுரூமிலே, செப்டம்பரில் சிவாசிலே. பந்தலில்லை, பவனியில்லை. பள்ளிக்கூடக் கட்டிடங்களிலே கூடியவர்கள் நூறு பேர்கூட இல்லை. வழியெல்லாம் காவல், வந்தால் கைது என்ற மிரட்டல். ஆயினும் வந்தார்கள், பேசினார்கள், தீர்மானித்தார்கள். தலைமை ஏற்றவர் கமால். மாநாடு கூட்டினால் மகுடம் கவிழுமா என்று நகைப்போர் எந்த நாட்டிலும் உண்டு. அவர்களுக்குத் துருக்கி தந்த விடை, 1920 ஏப்ரல் 23. அன்று அங்காராவிலே மக்கள் மன்றம் கூடியது. பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளிலே அமர்ந்து, ஒரு நாட்டின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசினார்கள் அதன் உறுப்பினர்கள்.

சுல்தானின் நீதிமன்றம் மே மாதத்திலே கமாலுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. மார்க்கத் தலைவரைக் கொண்டு அவருக்கு எதிராகக் கட்டளையும் பிறப்பிக்கப்பட்டது. ஆகஸ்ட் 10-ல் செவர் நகரிலே கையெழுத்தான ஒப்பந்தம் துருக்கியைத் துண்டு துண்டாக்கிப் பங்கு வைத்தது. கையொப்பமிட்டது சுல்தானின் அரசு! மறுத்தது மக்கள் மன்றம்.

1921 கோடையில் கிரேக்கப் படை அங்காராவை நெருங்கியது. ஆகஸ்ட் 5-ல் மன்றம் கமாலைப் படைத்தலைவராக்கியது. எத்தனை காலத்திற்கு? மூன்று மாதத்திற்கு! தவணை முடிந்தால் மறுபடியும் மன்றத்தின் முன்னே வந்து நிற்க வேண்டும், அனுமதி கேட்க வேண்டும். வீட்டுக்கொரு ஜோடி காலணி, காலுறை, உள்ளாடை தாருங்கள் என்று கேட்டது படை. ஏழை வீடும் தந்தது. மாட்டு வண்டியிலே குண்டுகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையிலே நடந்தார்கள் கிராமத்துப் பெண்கள். சக்காரியா ஆற்றங்கரையிலே இருபத்திரண்டு நாள் போர். இராஜிநாமா செய்துவிட்டவர் அல்லவா, அதனால் பதவிச் சின்னம் ஏதுமில்லாத சாதாரணச் சிப்பாய் உடையிலே நின்று நடத்தினார் கமால்! வெற்றிக்குப் பிறகே மன்றம் அவருக்கு மார்ஷல் பட்டம் தந்தது.

1922 செப்டம்பர் 9-ல் ஸ்மர்னா மீட்கப்பட்டது. சில நாளில் அந்நகரின் கிரேக்க, ஆர்மீனியப் பகுதிகள் தீயிலே எரிந்தன. கடற்கரையிலே குடும்பம் குடும்பமாக மக்கள் தவித்தனர். வெற்றியின் பக்கத்திலேயே அந்த வேதனையும் எழுதப்பட வேண்டும். நவம்பர் 1-ல் சுல்தான் பதவி ஒழிந்தது. கடைசிச் சுல்தான் பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறி ஓடினார். 1923 அக்டோபர் 29-ல் துருக்கி குடியரசாயிற்று, கமால் அதன் முதல் தலைவரானார்.

சண்டை முடிந்தது, வேலை தொடங்கியது. 1924 மார்ச் 3-ல் கலிபா பதவியும் ஒழிந்தது. அதைக் காக்க இந்தியாவிலே கிலாபத் இயக்கமே நடந்தது, துருக்கியின் போருக்கு இங்கிருந்து பணமும் திரட்டி அனுப்பப்பட்டது. கமால் தயங்கவில்லை. மக்களின் தொழுகையை அல்ல, தொழுகையின் பின்னே ஒளிந்துகொண்ட சிம்மாசனத்தைத்தான் அவர் அகற்றினார். 1926-ல் புதிய சிவில் சட்டம். பலதார மணம் ஒழிந்தது. 1928-ல் துருக்கி மொழியின் ஒலிக்குப் பொருந்தாத அரபு எழுத்து போய்ப் புதிய எழுத்து வந்தது. குடியரசுத் தலைவரே சுண்ணக்கட்டி பிடித்துக் கரும்பலகை முன் நின்று கற்பித்தார்! 1934-ல் பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை. அதே ஆண்டில் துருக்கியரின் தந்தை என்று பொருள்படும் அதாதுர்க் என்னும் பெயரை மன்றம் சூட்டியது.

இவ்வளவும் கூறிவிட்டு எஞ்சியதை மறைத்தால், நாம் எழுதுவது சரிதமாகாது, ஸ்தோத்திரமாகிவிடும். அன்று வணக்கம் செலுத்திய கரபெக்கிரும் நண்பர்களும் 1924-ல் எதிர்க்கட்சி கண்டார்கள். 1925-ல் அது மூடப்பட்டது. ஏடுகளின் வாய் கட்டப்பட்டது. 1930-ல் அவர் தூண்டுதலாலேயே பிறந்த மற்றொரு கட்சியும் நான்கு மாதம்கூட வாழவில்லை. குர்து மக்கள் விடுதலைப் போரிலே தோள் கொடுத்தவர்கள். அவர்கள் மொழிக்குப் பள்ளியிலே இடமில்லை, அலுவலகத்திலே இடமில்லை. கிளர்ந்தபோது தூக்குமேடை. 1937-லும் 1938-லும் தெர்சிம் மலைப்பகுதியிலே இரத்தம் பெருகியது. தன் மொழிக்கு மகுடம் சூட்டியவர், அண்டை வீட்டான் மொழிக்கு விலங்கு மாட்டினார்! மொழியின் அருமை அறிந்த நாம் இதைக் கண்டும் காணாமல் போக இயலுமா? மாவீரரிடத்தும் மாசு உண்டு என்று கூறும் துணிவில்லையேல், நமது பகுத்தறிவுக்குப் பொருள் என்ன?

1938 நவம்பர் 10-ம் நாள் காலை 9 மணி 5 நிமிடத்திற்கு, இஸ்தான்புல் அரண்மனையிலே கண்மூடினார் கமால். வயது 57.

1950-ல் துருக்கி மக்கள் வாக்குச்சீட்டினாலேயே அவர் கண்ட கட்சியை ஆட்சியிலிருந்து இறக்கினார்கள். அவர் தோழர் இனோனூ, முன்னாள் தளபதி, தலை வணங்கி வெளியேறினார். அது குடியரசின் வெற்றி! பத்தாண்டு கழித்து, 1960-ல், கமாலின் பெயரைச் சொல்லிக்கொண்டே இராணுவம் ஆட்சியைப் பறித்தது. மக்கள் தேர்ந்தெடுத்த பிரதமர் மெண்டரஸ் 1961-ல் தூக்கிலிடப்பட்டார். 1971-ல் மறுபடியும் தலையீடு. 1980-ல் மறுபடியும் பறிப்பு. ஒவ்வொரு முறையும் சுவரிலே கமாலின் படம்!

படத்தை மாட்டியவர்கள் பாடத்தை மறந்தார்கள். படத்திலே இருக்கும் உடுப்பைத்தான் கண்டார்கள். எர்சுரூமில் அந்த இரவு அவர் அதைக் கழற்றி வைத்ததை அவர்கள் காணவில்லை.

பதவி தந்ததால் தலைவரானவன் பதவி போனால் தனி ஆள். பதவியை விட்டெறிந்த பின்னும் எவனைச் சுற்றி மக்கள் நிற்கிறார்களோ, அவனே தலைவன். அவனும் தவறும்போது தட்டிக்கேட்க வேண்டியவர்கள் அதே மக்கள்தான். தளபதிகள் எவராயினும், எந்நாட்டவராயினும், நாம் வைக்கும் உரைகல் இதுவே!