குதிரைத் தலையைக் கண்ட அம்மையார்

மார்கழி இரவுகளில் கீழ்வானில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஓரியன் என்னும் வேடனின் இடைக்கச்சை அது. அதன் கிழக்குக் கோடிக்குச் சற்றுத் தெற்கே, வெறுங்கண்ணுக்குத் தெரியாத குதிரைத் தலை ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடித்தவர் வீட்டு வேலை செய்து பிழைத்த ஒரு பெண்மணி!

வில்லியமினா ஃபிளெமிங் அம்மையார் 1857ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் ஸ்காட்லாந்தில் டண்டி நகரில் பிறந்தார். ஏழு வயதில் தந்தையை இழந்தார். பதினான்கு வயதிலேயே, அதாவது எங்களைவிட ஒரு வயது இளையவராக இருந்தபோதே, பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1878இல் கணவருடன் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் சென்றார். அங்கே, வயிற்றில் குழந்தையோடு இருந்தவரைக் கணவர் கைவிட்டார். ஹார்வர்டு வானாய்வுக்கூடத் தலைவர் பிக்கரிங் வீட்டில் அம்மையார் வேலைக்காரியானார். அவருடைய அறிவுக்கூர்மையைக் கண்ட பிக்கரிங், 1881இல் வானாய்வுக்கூடத்திலேயே அவருக்கு நிலையான வேலை கொடுத்தார்.

இரவில் ஆண்கள் தொலைநோக்கியில் படமெடுப்பார்கள். பகலில் பெண்கள் அந்தக் கண்ணாடித் தகடுகளை ஆராய்வார்கள். தகட்டில் விண்மீன்கள் கரும்புள்ளிகளாகவே தெரியும். 1888இல் எடுத்த தகடு ஒன்றில், நெபுலாவின் ஓரத்தில் அரைவட்டமாக ஒரு குழிவு இருப்பதை அம்மையார் கண்டு குறித்து வைத்தார். அதுவே குதிரைத் தலை. (படத்தைப் பார்த்த எங்களுக்குச் சதுரங்கக் குதிரைதான் நினைவுக்கு வந்தது.)

ஆனால் 1895இல் வெளியான நெபுலாப் பட்டியலில் அவர் பெயரே இல்லை. பிக்கரிங் பெயர்தான் இருந்தது. 1908இல் வந்த அடுத்த பட்டியலில்தான் அம்மையார் பெயர் ஏறியது. சம்பளமும் அப்படியே. ஆண்களுக்கு 2,500 டாலர், அவருக்கு 1,500. இதைப் படித்தபோது எங்களுக்குக் கோபமே வந்தது.

அந்தக் குழிவு வெற்றிடமன்று. ஒளிரும் ஹைட்ரஜனுக்கு முன்னால் நிற்கும் குளிர்ந்த தூசி மேகம். இத்தகைய மேகங்கள் சுருங்கித்தான் விண்மீன்கள் பிறக்கின்றன. புது விண்மீன் தன்னைச் சூழ்ந்த வாயுவை விழுங்கும்போதே, இரு முனைகளிலும் ஒரு பகுதியைப் பீய்ச்சியடிக்கிறது. வேகம் விநாடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்! அது வெளிவாயுவில் மோதும் இடம் சிறு திட்டாக ஒளிர்கிறது. அத்தகைய திட்டுகளை ஹெர்பிக், ஹாரோ என்ற அறிஞர்கள் பின்னாளில் அதே ஓரியனில் ஆராய்ந்தார்கள்.

பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை வகைப்படுத்தி, 59 நெபுலாக்களைக் கண்டறிந்த அம்மையார், 1911ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் பாஸ்டனில் நிமோனியாக் காய்ச்சலால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 54.