செடியின் நரம்பைத் தேடிய செம்மல்

சிலாபம் முதல் கற்பிட்டி வரை நீளும் நம் கரையோரத்தில் தொட்டாற்சுருங்கியை அறியாத மாணவர் இலர். ஓரிலையைத் தொட, அது கூம்புவதும், தொடாத அயலிலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூம்புவதும் நாம் கண்டு மகிழ்ந்த காட்சியே. தொட்ட செய்தி தொடாத இலைக்கு எவ்வழியாற் சென்றது? இவ்வினாவுக்கு விடை காண்பதில் வாணாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் சேர் ஜகதீச சந்திர போஸ் ஆவர்.

இவர் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் வங்காளத்து மைமன்சிங்கிற் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திரர் அரசாங்க உயர் அலுவலர். அந்நிலையினர் தம் மைந்தரை ஆங்கிலப் பள்ளிக்கு விடுத்தலே அக்கால வழக்கம். அவரோ மகனைத் தாய்மொழிப் பள்ளிக்கே அனுப்பினார். அங்கே இவருக்கு ஒருபுறம் முஸ்லிம் ஏவலாளர் ஒருவரின் மைந்தனும், மறுபுறம் மீனவர் ஒருவரின் மைந்தனும் அமர்ந்து கற்றனர். அத்தோழர் வாயிலாகக் கேட்ட பறவைகள், விலங்குகள், நீர்வாழ் உயிர்கள் பற்றிய கதைகளே இவர் உள்ளத்தில் இயற்கையை ஆராயும் வேட்கையை விதைத்தன.

கல்கத்தாவிற் பட்டம் பெற்றபின் இலண்டனில் மருத்துவம் பயிலப் புகுந்தார். நோயுற்றமையால் அதனைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானம் கற்றார். 1885இல் கல்கத்தாப் பிரெசிடென்சிக் கல்லூரியிற் பௌதிக ஆசிரியரானார். ஆங்கிலேயருக்குரிய சம்பளம் இந்தியருக்கு மறுக்கப்பட்டமையின், குறைத்த சம்பளத்தை மூன்றாண்டு கையாலும் தொடாது கடமை புரிந்தார். ஈற்றில் அரசாங்கம் இணங்கி, கழிந்த காலத்துக்கும் சேர்த்து முழுச் சம்பளம் வழங்கியது.

மின்காந்த அலை ஆராய்ச்சியிற் புகழெய்திய பின்னர் இவர் கருத்துச் செடிகளின்பாற் சென்றது. தொட்டாற்சுருங்கியின் காம்பிற் செய்தி செல்லும் விரைவைத் தாமே அமைத்த நுண்கருவிகளால் அளந்தார். குளிர் அதனைத் தாமதிக்கச் செய்வதையும், நஞ்சு தடுத்து நிறுத்துவதையும் கண்டார். விலங்கின் நரம்பும் இவ்வாறே இயங்குதலின், செடிக்கும் நரம்பையொத்த அமைப்பு உண்டெனத் துணிந்தார்.

1901இல் இலண்டன் வேத்தியற் கழகத்தில் இவர் தம் ஆய்வை விளக்கியபோது உடற்றொழிலியலார் சிலர் எதிர்த்தனர். பௌதிகர் ஒருவர் தம் துறையிற் புகுதலை அவர்கள் விரும்பிலர். கட்டுரை அச்சேறாது நின்றது. போஸ் சோர்ந்தாரல்லர், 1902இல் நூலாகவே வெளியிட்டார். 1917இல் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். முன்னர்த் தடுத்த அக்கழகமே 1920இல் இவரை உறுப்பினராக ஏற்றது. தாவரங்களின் நரம்பியக்கம் பற்றிய நூல் 1926இல் வெளிவந்தது. 1937 நவம்பர் 23ஆம் நாள் கிரிதியில் இயற்கை எய்தினார்.

இவர் துணிபு முழுவதும் நிலைபெற்றிலது. செடிக்கு நரம்புக் கலங்கள் இல்லை என்பதே இன்றைய முடிபு. ஆயின் மின்கணத்தாக்கம் மெய்யே. அது காம்பின் கலன்வழிச் சென்று இலையடியை எய்த, அங்குள்ள கலங்கள் நீரை இழக்க, இலை கூம்புகின்றது. நம் விரைந்த நரம்புகளிற் செய்தி செக்கனுக்கு 100 மீற்றர் அளவிற் செல்ல, தொட்டாற்சுருங்கியில் அது சில சதமமீற்றரே செல்லும்.

அறிஞர் ஒருவர் ஓரிடத்தில் எல்லை கடந்து துணியலாம். செவ்வனே அளந்த அளவு அவருக்குப் பின்னும் வாழும். மீனவர் மக்களும் உழவர் மக்களும் ஒரே வாங்கிலிருந்து தமிழிற் பயிலும் நம் கல்லூரி மாணவர் இதனை உளங்கொள்வாராக. தாய்மொழி வகுப்பிற் பிறந்த வினாவும் உலகக் கழகங்களின் வாயிலைத் திறக்க வல்லது.