மேரி பெத்யூன் அம்மையார்: பஞ்சத்திலும் போரிலும் பங்கு கேட்ட ஆசிரியை

நாடு செழித்திருக்கும்போது கடைசிப் பந்தியில் அமர்த்தப்படுவோர், நாடு நலியும்போது முதல் ஆளாய் எழுப்பி விடப்படுகின்றனர். 1929 முதல் 1945 வரை, அமெரிக்க நாடு பொருளாதார வீழ்ச்சியிலிருந்து உலகப் போருக்குள் சென்ற காலத்தில், அங்கு வாழ்ந்த கறுப்பின மக்கள் இவ்வுண்மையைத் தம் வாழ்வில் கண்டனர். அம்மக்களின் இளைஞர்களுக்காக அரசின் வாயிலில் நின்று பங்கு கேட்டவர் மேரி மெக்லவுட் பெத்யூன் அம்மையார். அவர்தம் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிய வேண்டும் என்று கருதி இங்கே சுருங்கக் கூறுகிறோம்.

அம்மையார் 1875 ஜூலை 10 அன்று, தென் கரோலினா மாநிலத்து மேஸ்வில் என்னும் சிற்றூரை அடுத்துப் பிறந்தார். பெற்றோர் இருவரும் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்கள். பதினேழு பிள்ளைகளில் இவர் பதினைந்தாமவர். பருத்திக் காட்டில் வளர்ந்தவர். ஒருநாள் தாயாருடன் வெள்ளையர் வீடொன்றுக்குச் சென்றபோது அங்கிருந்த புத்தகத்தைக் கையில் எடுத்தார். படிக்கத் தெரியாதவளுக்கு அது எதற்கென்று அவ்வீட்டுச் சிறுமி கீழே வைக்கச் சொல்லிவிட்டாள். படித்தே தீருவது என்னும் உறுதி அன்று பிறந்தது என அம்மையார் பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததுண்டு. மிஷன் பள்ளியொன்று திறக்கப்பட்டபோது அக்குடும்பத்திலிருந்து சென்றவர் அவரே. மேற்படிப்புக்கான பொருளை, டென்வர் நகரில் தையல் தொழில் செய்து வாழ்ந்த ஒரு பெண்மணி தம் சேமிப்பிலிருந்து ஈந்தார். அம்மையார் ஆப்பிரிக்கா சென்று தொண்டு செய்ய விரும்பினார். கறுப்பினத்தவருக்கு அங்கே இடமில்லை என்று மிஷன் சபை மறுத்துவிட்டது.

மனம் தளராது ஆசிரியப் பணியை மேற்கொண்ட அவர், 1904 அக்டோபரில் புளோரிடா மாநிலத்து டேடோனாவில் சொந்தமாகப் பள்ளி தொடங்கினார். கையிலிருந்த மூலதனம் ஒன்றரை டாலர். மாணவர் ஐந்து சிறுமியரும் அவருடைய மகனும். கரிந்த மரத்துண்டு எழுதுகோலாயிற்று. காட்டுப் பழச்சாறு மையாயிற்று. சர்க்கரைவள்ளிக் கிழங்கில் செய்த பண்டங்களை விற்றும், செல்வர் வீடுகளின் கதவைத் தட்டியும் நிதி திரட்டினார். குப்பை கொட்டிய நிலம் பள்ளி வளாகமாயிற்று. அப்பள்ளி 1923-இல் குக்மன் பள்ளியுடன் இணைந்து, 1931-இல் பெத்யூன்-குக்மன் கல்லூரி என்னும் பெயர் பெற்றது. 1920-இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்தபோது, கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தார் வளாகத்துக்கே வந்து மிரட்டினர். அதற்கு அஞ்சாமல் அவர் தலைமையில் கறுப்பின மக்கள் வாக்களிக்கச் சென்றனர்.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. 1930 முதல் 1933 வரை ஏறத்தாழ 9,000 வங்கிகள் வீழ்ந்தன. ஏழைகள் சிறுகச் சேர்த்த பணமும் அவற்றோடு போயிற்று. 1933-இல் உழைக்கும் மக்களில் நால்வருக்கு ஒருவர் வேலையின்றி இருந்தார். நகரங்களில் வாழ்ந்த கறுப்பினத் தொழிலாளரிலோ ஏறத்தாழப் பாதிப்பேர் வேலையிழந்தனர். முன்பு இழிவென்று அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட பெருக்கும் வேலையும் சுமக்கும் வேலையும்கூட அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டு வெள்ளையருக்கு அளிக்கப்பட்டன.

1933 மார்ச்சில் குடியரசுத் தலைவரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், ‘நியூ டீல்’ எனப்படும் நிவாரணத் திட்டங்களைக் கொண்டுவந்தார். அவற்றால் கோடிக்கணக்கானோர் பயனடைந்தனர் என்பது உண்மை. ஆயினும் பணம் யார் கை வழியாகச் சென்றது என்பதை நாம் நோக்க வேண்டும். பருத்திச் சாகுபடியைக் குறைப்பதற்கான ஈட்டுத்தொகை நில உடைமையாளரிடம் தரப்பட்டது. அவர்களுள் பலர் அதனைத் தாமே வைத்துக்கொண்டு வாரக்குடிகளை வெளியேற்றினர். 1935-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் பண்ணையாட்களையும் வீட்டு வேலைக்காரரையும் விலக்கி வைத்தது. கறுப்பினத் தொழிலாளரில் பெரும்பாலோர் இருந்தது அவ்விரு வேலைகளிலேதான்!

அதே 1935-இல் தேசிய இளைஞர் நிர்வாகம் என்னும் அமைப்பு நிறுவப்பட்டது. வறிய மாணவர் படிப்பை விடாதிருக்கப் பகுதிநேர வேலை தந்து, உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு மாதம் 6 டாலர் வரையும் கல்லூரி மாணவருக்கு அதனினும் கூடுதலாகவும் வழங்கியது. 1936-இல் அதன் கறுப்பினத்தார் பிரிவின் பொறுப்பை அம்மையார் ஏற்றார். மாநிலந்தோறும் பயணம் செய்து, பணம் உரியவர்க்குச் சேர்கிறதா என்று கண்டார். மாநில அலுவலகங்களில் கறுப்பின அதிகாரிகள் அமர வேண்டும் என்று வாதாடினார். பட்டமேற்படிப்பு மாணவருக்கெனத் தனி நிதி பெற்றார். அரசுத் துறைகளில் பணியாற்றிய கறுப்பின அறிஞர்களைத் தம் இல்லத்தில் கூட்டி, கோரிக்கைகளை ஒரே குரலாக்கினார். தலைவரின் துணைவியார் எலியனோர் ரூஸ்வெல்ட்டின் நட்பையும் இப்பணிக்கே பயன்படுத்தினார்.

தனி நிதியை ஏற்பது ஒதுக்கி வைத்தலை ஏற்பதாகாதா என்று சிலர் கேட்கலாம். கேள்வி நேரியதே. தென் மாநிலங்களில் இனப் பிரிவினை அவர் காலத்தில் அழியவில்லை என்பதையும் நாம் மறைக்கவில்லை. எனினும் உரிமைப் போர் முடியும்வரை மாணவனின் வயது காத்திருக்குமா? கிடைப்பதை இன்று பெற்றுக் கொடுத்து, மறுக்கப்பட்டதற்காக நாளையும் போராடுவது என்பதே அம்மையார் கண்ட வழி.

1940-இல் போர்த்தளவாட உற்பத்தி பெருகியது. தொழிற்சாலைகள் ஆட்களைத் தேடின. கறுப்பினத்தவருக்குக் கதவை அடைத்தன. தொழிற்சங்கத் தலைவர் ஃபிலிப் ராண்டால்ஃப், பெருந்திரளாக வாஷிங்டனுக்கு அணிவகுக்கப் போவதாக அறிவித்தார். அதன் விளைவாக 1941 ஜூன் 25 அன்று, போர்த்தொழிலில் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் ஆணையில் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்டார். அவ்வாண்டு டிசம்பர் 7-இல் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. அமெரிக்கா போரில் இறங்கியது. அம்மையாரின் பிரிவு இளைஞர்களைத் தளவாடத் தொழிற்பயிற்சிக்கு அனுப்பியது. 1942-இல் பெண்கள் துணைப்படை அமைந்தபோது, அதிகாரிப் பயிற்சிக்குக் கறுப்பினப் பெண்களைத் தேர்ந்தெடுப்பதில் அவர் உதவினார். நாட்டுக்காக உயிர் கொடுக்க முன்வந்தோருக்கும் தனிப் படையணியே வாய்த்தது. செஞ்சிலுவைச் சங்கம் அவர்களுடைய இரத்தத்தையும் தனியே பிரித்து வைத்தது. படைகளில் இனப் பிரிவினையை ஒழிக்கும் ஆணை 1948-இல்தான் பிறந்தது.

1945-இல் ஐக்கிய நாடுகள் சபையை உருவாக்க சான் பிரான்சிஸ்கோவில் கூடிய மாநாட்டுக்கு, டுபாய்ஸ், வால்ட்டர் ஒயிட் ஆகியோருடன் அம்மையாரும் ஆலோசகராகச் சென்றார். அந்த டுபாய்ஸுக்குத்தான் 1946-இல் அண்ணல் அம்பேத்கர், ஐக்கிய நாடுகள் சபையிடம் கறுப்பின மக்கள் அளித்த மனுவைக் குறித்துக் கடிதம் எழுதினார். ஒடுக்கப்பட்டோர் கடல் கடந்தும் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர் என்பதற்கு இது சான்று.

ஆப்பிரிக்காவுக்குச் செல்ல இளமையில் மறுக்கப்பட்ட அம்மையார், 1952-இல் அமெரிக்க அரசின் பிரதிநிதிகளுள் ஒருவராக லைபீரியா சென்றார். 1955 மே 18 அன்று டேடோனாவில் மறைந்து, தாம் வளர்த்த கல்லூரி வளாகத்திலேயே அடக்கமானார். 2022-இல் நாடாளுமன்றக் கட்டடத்துச் சிலைக்கூடத்தில் புளோரிடா மாநிலத்தின் சார்பில் அவர் சிலை நிறுவப்பட்டது. மாநிலம் ஒன்றின் சார்பில் அங்கே சிலை பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே.

இளைஞர்களே! சட்டம் அச்சேறினால் மட்டும் உதவி நம் வாசலுக்கு வந்துவிடாது. ஆணையைப் படிக்கவும், கணக்கைக் கேட்கவும், அலுவலக நாற்காலியில் அமர்ந்து பிறருக்கு வழி திறக்கவும் நம்மிடையே கற்றவர்கள் வேண்டும். கற்றவர் தம்மோடு நின்றுவிடாமல் அடுத்த பிள்ளையின் கையில் புத்தகத்தைக் கொடுக்க வேண்டும். நம் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் அக்கடமையை ஏற்போமாக!