ஸர் தாமஸ் மன்றோ

எண்ணியவாறே யாவும் நடைபெறுவது உலகியல்பன்று. நேர்ந்ததற்கேற்பத் தம்மைத் திருத்திக்கொண்டு கடமையாற்றுவோரே பெரியோர். தருமபுரியில் வாழ்ந்த மன்றோ துரை இதற்கோர் சான்றாவார்.

இவர் 1761-இல் ஸ்காத்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையார் வர்ஜீனியாவோடு வாணிபம் செய்த செல்வர். அமெரிக்கப் போரால் அவ்வாணிபம் அழிந்தது. வணிகராக வேண்டிய மைந்தர் 1780-இல் படைவீரராய்ச் சென்னை சேர்ந்து, ஹைதர் அலியோடு நிகழ்ந்த போரிற் கலந்துகொண்டார்.

1792-இல் பாரமகால் கும்பினியார் வசமாயிற்று. வாளேந்திய கை கணக்கேந்த நேர்ந்தது. ரீட் துரையின்கீழ்த் தருமபுரியில் அமர்ந்த மன்றோ, ஊர்தோறும் சென்று குடிகளோடு நேரே பேசித் தீர்வை விதித்தார். முதலில் நெடுங்காலக் குத்தகையே நலமென்று கருதப்பட்டது. மழையோ நிலையற்றது, ஏழை உழவன் அத்தகைய உடன்படிக்கைக்கு அஞ்சினான். ஆதலின், ஆண்டுதோறும் வேண்டிய நிலத்தை ஏற்கவும், இயலாததை விடவும் இடந்தரும் ரயத்துவாரி முறை அங்கே உருவாயிற்று. ஆயினும் தீர்வை கனமாகவே இருந்தது. பின்னர்க் கடப்பை, பல்லாரிப் பகுதிகளை ஆண்ட காலத்தில், அதில் நாலிலொரு பங்கைக் குறைக்கவேண்டுமென 1807-இல் அவரே மேலிடத்திற்கு எழுதினார்.

1820-இல் சென்னைக் கவர்னரான இவர், தாயகம் திரும்புமுன் குடிகளிடம் விடைபெறச் சென்றவிடத்தில், 1827 ஜூலை 6-இல் பத்திக்கொண்டாவில் வாந்திபேதியால் மறைந்தார்.

தாம் நலமென்று கருதிய ஏற்பாட்டையும் அனுபவம் மறுத்தவிடத்து மாற்றத் துணிந்தமையே இவர் பெருமை. மாணவர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.