இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தவர்

கோவை மாவட்டம், சூலூரை அடுத்த கலங்கல் கிராமத்தின் வழியே ஒரு நாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் சென்றார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஓடிய அந்த வண்டியை ஊரார் வேடிக்கை பார்த்துவிட்டுக் கலைந்தனர். ஓர் இளைஞர் மட்டும் அதை மறக்கவில்லை. கோவை சென்று உணவு விடுதியில் பணியாளராகச் சேர்ந்தார். சிறுகச் சிறுகச் சேமித்து, ரூ.300 கொடுத்து அந்த வண்டியை வாங்கினார். வாங்கியவர் ஓட்டி மகிழ்வதோடு நிற்கவில்லை. பாகம் பாகமாகப் பிரித்துப் போட்டு, மீண்டும் பூட்டினார். அவரைப் பற்றி இன்றும் தவறாமல் சொல்லப்படும் நிகழ்ச்சி இது.

அந்த இளைஞர்தான் ஜி.டி. நாயுடு எனப்படும் கோபால்சாமி துரைசாமி நாயுடு. 1893 மார்ச் 23-இல் பிறந்த அவருடைய பள்ளிப் படிப்பு தொடக்கநிலையைத் தாண்டவில்லை. அவரை அதிசய மனிதர் என்று போற்றுவது நம் வழக்கம். ஆனால், ஒரு பொருளியல் ஆசிரியனாக எனக்கு அவர் வாழ்க்கை வேறொரு கேள்விக்கு விடை சொல்வதாகத் தோன்றுகிறது. புதிய தொழில்நுட்பம் சில சிறு நிறுவனங்களில் வேரூன்றுகிறது. சிலவற்றில் வாங்கிய விலையோடு முடிந்துவிடுகிறது. ஏன்?

நான் வசிக்கும் வேங்கிக்காலிலும் திருவண்ணாமலையைச் சுற்றியும் உள்ள சிறு பட்டறைகள் சிலவற்றுக்குச் சென்றிருக்கிறேன். கணினி இல்லாத இடம் இன்று அரிது. ஆனால், பல இடங்களில் அது மாதத்துக்கு ஒரு முறை ஜிஎஸ்டி கணக்குக்காக மட்டுமே விழிக்கிறது. இருப்பில் எத்தனை இரும்புத் தகடு உள்ளது, எந்த வேலையில் லாபம், எதில் நஷ்டம் என்பவை உரிமையாளரின் நினைவிலும், சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதிய எண்களிலுமே இருக்கின்றன. கணினி வந்துவிட்டது, தொழில் பழையபடியே நடக்கிறது.

நாயுடுவின் தொழில் வாழ்க்கையும் வெற்றியில் தொடங்கியதன்று. பருத்தித் தொழிலில் ஈட்டிய பொருளைப் பம்பாய் வணிகத்தில் இழந்தார். 1920-இல் ஒரே ஒரு பேருந்துடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்தைத் தொடங்கினார். ஓட்டுநரும் அவரே. அந்த ஒற்றை வண்டியே சில ஆண்டுகளில் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

அந்த வளர்ச்சிக்கு வண்டிகளின் எண்ணிக்கை மட்டும் காரணமன்று. வண்டி எப்போது வரும் என்பது பயணியின் கவலை. வசூலான பணம் முழுவதும் வந்து சேருமா என்பது உரிமையாளரின் கவலை. நேரம் காட்டும் கருவியையும் பயணச்சீட்டு வழங்கும் இயந்திரத்தையும் அவர் உருவாக்கியது இந்த இரண்டு கவலைகளுக்காகத்தான். அந்தக் காலத்தின் தகவல் தொழில்நுட்பம் என்றே அவற்றைச் சொல்லலாம். கருவியை வாங்கிவிட்டு அதற்கொரு வேலையைத் தேடியவர் அல்லர் அவர். தொழிலில் இருந்த சிக்கலைக் கண்டு, அதற்கேற்ற கருவியைத் தேடியவர்.

1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோவைப் பகுதியில் நூற்பாலைகள் பெருகின. ஆழக் கிணறுகளை நம்பியிருந்த உழவர்களுக்கு மின்சாரம் புதிய வழியைக் காட்டியது. இந்தச் சூழலில்தான் 1937-இல், பீளமேட்டில் இருந்த நாயுடுவின் நியூ எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் தொழிற்கூடத்தில், டி. பாலசுந்தரம் நாயுடுவின் முயற்சியால் இந்தியாவின் முதல் மின்மோட்டார் உருவானது. பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கினார். மோட்டார் தயாரிப்பு கோவையின் பட்டறைகளுக்குப் பரவியது. பழுதானால் காயில் கட்டித் தரும் கடை அடுத்த தெருவிலேயே இருந்ததால், உழவர் அதை அச்சமின்றி வாங்கினார்.

கல்வியிலும் அவர் எண்ணம் இதே வழியில்தான் சென்றது. கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் அமையக் காரணமாக இருந்தார். அந்தக் கல்லூரியே இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. 1945-இல் அதன் முதல்வராகப் பொறுப்பேற்ற அவர், நான்காண்டுப் படிப்பு தேவையற்ற நீளம் என்றும் இரண்டாண்டுகளே போதும் என்றும் கருதினார். அரசு ஏற்கவில்லை, அவர் விலகினார். கால அளவில் அவர் சொன்னது சரியா என்பது விவாதத்துக்குரியது. இயந்திரத்தைக் கையால் தொடாத படிப்பு தொழிலுக்கு உதவாது என்ற கவலை நியாயமானது.

அவருடைய தோல்விகளையும் மறைக்க வேண்டியதில்லை. ஐந்து வால்வு வானொலியை ரூ.70-க்குத் தயாரிக்க முடியும் என்று 1941-இல் அறிவித்தார். முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவு இயந்திரத்தை வடிவமைத்தார். 1952-இல் ரூ.2,000 விலையில் இருவர் செல்லும் காரை உருவாக்கினார். அரசின் உரிமம் கிடைக்காமல் அது நின்றுபோனது. உரிமக் கெடுபிடி ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு என்பது என் கருத்து. பிறர் கைக்குச் சென்ற மோட்டார் ஊரெங்கும் தொழிலாயிற்று. அவரோடு நின்றுவிட்டவை அருங்காட்சியகப் பொருள்களாயின. ஒருவருடைய மேதைமை கருவியைப் படைக்கலாம்; பலருடைய கைப்பழக்கமே அதை வாழவைக்கும்.

எங்கள் மாவட்டத்து ஆரணியின் அரிசி ஆலைகளையே பாருங்கள். கேமராவால் நிறம் பார்த்துக் கறுப்பு அரிசியை நீக்கும் கலர் சார்ட்டர் இயந்திரங்கள் அங்கு இயல்பாக இடம்பிடித்துவிட்டன. கறுப்பரிசி கலந்த மூட்டைக்கு விலை குறையும் என்பது ஆலையில் உள்ள அனைவருக்கும் தெரியும். பயன் அன்றைக்கே கண்ணுக்குத் தெரிகிறது. பட்டறையில் உறங்கும் மென்பொருளுக்கு இந்த வாய்ப்பு அமையவில்லை. அது விடை சொல்லக்கூடிய கேள்வியை யாரும் அதனிடம் கேட்கவில்லை.

அரசின் மானியம் பெரும்பாலும் இயந்திரத்தின் விலையைக் கணக்கிட்டே வழங்கப்படுகிறது. தொழிலாளி அதைக் கற்றுக்கொள்ள ஆகும் நாள்களும், பழுது நீக்க உள்ளூரில் ஒருவர் இருக்கிறாரா என்பதும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். உரிமையாளர்களும், மென்பொருளுக்குப் பணம் செலுத்தும் முன்பு, எந்த இழப்பை அது தடுக்கும் என்று தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். முதலில் ஒரே ஒரு வேலையை, இருப்புக் கணக்கையாவது, அதில் ஏற்றிப் பார்க்கலாம். அதையும் பட்டறைத் தொழிலாளியின் கையாலேயே செய்ய வைக்கலாம்.

1974 ஜனவரி 4-இல் ஜி.டி. நாயுடு மறைந்தார். அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்றைய மென்பொருளை அந்த மோட்டார் சைக்கிளைப் போலத் தரையில் பிரித்துப் பரப்ப முடியாதுதான். ஆனால், அது என்ன செய்கிறது, எப்படிச் செய்கிறது என்று கேட்டு அறிய எவருக்கும் தடையில்லை. அந்தக் கேள்வி எழும் பட்டறையில் கணினி உறங்காது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), வேங்கிக்கால்.