பனியை எடை போட்ட ஆசிரியர்



நம் நாட்டில் மழைக்குக் குறைவில்லை. பனி கொட்டுவதைத்தான் நாம் பார்த்ததில்லை. அமெரிக்காவின் மேற்கே சியரா நெவாடா என்றொரு மலைத்தொடர் உண்டு. குளிர்காலத்தில் பசிபிக் கடலிலிருந்து புயல் புறப்பட்டு வரும். ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறும். ஏற ஏறக் குளிர்ந்துபோகும். சுமந்து வந்த ஈரத்தைப் பனியாகக் கொட்டிவிடும். ஒரே புயலில் ஆள் உயரத்துக்குப் பனி விழுவதும் உண்டு. வசந்தம் வந்ததும் அத்தனையும் உருகி ஆறாக ஓடும். அந்த ஆண்டு வெள்ளமா, வறட்சியா? இதை முன்கூட்டியே சொல்ல வழி கண்டவர் ஜேம்ஸ் எட்வர்ட் சர்ச். அவர் விஞ்ஞானம் படித்தவரா என்றால், அதுதான் இல்லை. அவர் லத்தீன் மொழி வாத்தியார்!

1869-ல் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்த சர்ச், 1892-ல் ரீனோ நகரிலுள்ள நெவாடா பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்க வந்தார். அருகே 10,776 அடி உயரமான ரோஸ் மலை. அதன் மேல் அவருக்குத் தீராத ஆசை. 1895-ல், கடுங்குளிரில் அதில் ஏறினார். 1906-ல் உச்சியிலே சிறிய வானிலை நிலையம் ஒன்றை அமைத்தார். வகுப்பு முடிந்தபின், பனியில் கால் புதையாதிருக்க அகன்ற மிதியடி கட்டிக்கொண்டு மலையேறிப் போய்க் கருவிகளைப் பார்த்து வருவார்.

பனியின் உயரத்தை மட்டும் அளந்தால் போதாது என்பதை அவர் கண்டார். புதுப்பனி பஞ்சு மாதிரி. பத்து அங்குலம் உருகினால் சுமார் ஓர் அங்குலத் தண்ணீர்தான். நாள்பட்டு இறுகிய பனியோ இரண்டு மூன்று அங்குலத்திலேயே அவ்வளவு தரும். வாளி நிறையப் பால் இருந்தாலும் மழைநீர் கலந்திருந்தால் ரப்பர் குறைவாகத்தான் தேறும் என்பது நம்ம தோட்டத்து மக்களுக்குத் தெரியாததா?

ஆகவே நுனியில் பல் வைத்த நீண்ட குழாய் ஒன்றைச் செய்தார். அதைப் பனிக்குள் தரை மட்டும் இறக்கி, உள்ளே சிக்கிய பனியோடு தூக்கித் தராசில் மாட்டினார். எடை தெரிந்தது, அதிலுள்ள தண்ணீரும் தெரிந்தது. வழக்கமான ஆண்டின் பனிநீரில் இவ்வாண்டு எத்தனை பங்கு இருக்கிறதோ, ஏறக்குறைய அத்தனை பங்கு தண்ணீர்தான் ஆற்றிலும் வரும் என்று கணக்கிட்டார்.

அப்போது தாஹோ ஏரித் தண்ணீருக்காகப் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. மதகைத் திறக்காவிட்டால் கரையில் இருப்பவர்களுக்கு வெள்ளம். வீணாகத் திறந்துவிட்டால் கீழே விவசாயிகளுக்கும் மின்சாரத்துக்கும் தட்டுப்பாடு. வசந்தத்தில் ஏரி எவ்வளவு உயரும் என்று சர்ச் முன்னதாகவே சொன்னார். மதகை எப்போது திறப்பது என்பது விளங்கியது. கூச்சலால் தீராத சண்டை கணக்கால் தணிந்தது.

பின்னர் கிரீன்லாந்துக்கும், முதிய வயதில் இமயமலைக்கும் பனி ஆராயப் போனார். 1959-ல், தமது 90-ஆம் வயதில் மறைந்தார். ரோஸ் மலையின் ஒரு சிகரம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இப்போது புயலைத் துணைக்கோள் பார்க்கிறது. பனியைத் தானியங்கிக் கருவி எடை போடுகிறது. ஆனாலும் குழாயைத் தோளில் சுமந்து மலையேறுவோர் இன்றும் இருக்கிறார்கள்.

மாணவர்களே! ஒரு பாடம் படித்தவர் அந்தப் பாடத்தோடு நின்றுவிட வேண்டும் என்பதில்லை. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதை எல்லாம் அப்படியே நம்பவும் வேண்டாம். இறங்கி அளந்து பாருங்கள். அதன் பிறகு நீங்கள் சொல்லும் சொல்லுக்கு ஊரே காது கொடுக்கும்.