ஆசிரியருக்கு ஏடு தந்த திருப்பூரார்

திருப்பூர் என்றதும் பனியன் நினைவுக்கு வரும். கொடி காத்த குமரன் கண்முன் நிற்பான். அந்த ஊரோடு சேர்த்து ஆசிரிய உலகம் நினைக்க வேண்டிய பெயர் இன்னொன்று உண்டு. 1903-ம் ஆண்டு மே 5-ம் நாள் அங்கே பிறந்த தி. சு. அவினாசிலிங்கம்!

செல்வக் குடியிலே பிறந்தார், சட்டம் பயின்றார். வழக்காடிப் பொருள் குவித்திருக்கலாம். குவிக்கவில்லை! விடுதலைப் போரிலே சிறை புகுந்தார். 1930-ல், ஒடுக்கப்பட்ட வகுப்புச் சிறுவன் ஒருவனைக் கொண்டு, கோவையிலே இராமகிருஷ்ண வித்தியாலயத்தைத் துவக்கினார்.

1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சர். 1948-ல் பள்ளிகளிலே இந்தியைப் புகுத்த முனைந்தது அவர் இருந்த ஆட்சி. பெரியார் தலைமையிலே தமிழர் பொங்கி எழுந்தனர். அதை மறந்திடோம். ஆனால், மாற்று முகாமினர் என்பதற்காக அவர் ஆற்றிய அரும்பணியை மறைப்பது அறமாகுமா? ஆகாது!

உயர்நிலைப் பள்ளியிலே தமிழைப் பாடமொழியாக்கப் பாடுபட்டவர் அவர். தமிழிலே நடத்துக என்று ஆணையிடுவது எளிது. ஆசிரியர் எதைப் படித்து நடத்துவார்? அதை எண்ணிப் பார்த்தார். 1946-ல் தமிழ் வளர்ச்சிக் கழகம் கண்டார். பெரியசாமித் தூரன் பதிப்பாசிரியராக உழைக்க, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளிவந்தது. அறிவியலைத் தமிழிலே தேடிய ஆசிரியருக்குக் கைவிளக்குக் கிடைத்தது!

பதவி போயிற்று, பணி போகவில்லை. 1950-ல் பெரியநாயக்கன்பாளையத்து வித்தியாலயத்திலே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி எழுந்தது. 1952-ல் திருப்பூர் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிற்று. 1957-ல் கோவையிலே பெண்களுக்கு மனையியல் கல்லூரி கண்டார். அது 1988-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. 1991 நவம்பர் 21-ல் மறைந்தார்.

அவர் வாழ்வு ஆள்வோருக்கு உரைப்பது என்ன? பனியன் கம்பெனிக்குப் புது இயந்திரம் வந்தால், ஓட்டக் கற்றுத் தந்த பிறகே தொழிலாளியிடம் துணியை நீட்டுகிறார்கள். பாடத்திட்டம் மாறினால் ஆசிரியரிடம் நீட்டப்படுவது சுற்றறிக்கை மட்டும் என்றால், அது நீதியா? பயிற்சி தருக! நூல் தருக! படிக்க நேரமும் தருக!

ஆசிரியத் தோழரே, உமக்கும் ஒரு சொல். பட்டம் பெற்ற நாளோடு படிப்பை மூட்டை கட்டிவிடாதீர். நேற்றைய ஏட்டை மட்டும் புரட்டும் ஆசிரியரிடம், நெசவாளி மகனும் தையல்காரர் மகளும் நாளைய உலகை எங்ஙனம் கற்பர்? கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி முதல் கடைசித் தொகுதி வரை வெளிவரப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. நாளுக்கு ஒரு பக்கம் படிக்க நம்மால் ஆகாதா?